தீப்பாதுகாப்புப் பாடல் தொகுப்பு: இரண்டு மாதம் பாடிப் பார்த்த பிறகு

நான்கு முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கானது என்று குறிப்பிட்டு, ஏழு பாடல்களும் ஒரு சிறு கையேடுமாக வரும் தீப்பாதுகாப்புப் பாடல் தொகுப்பு ஒன்றை வாங்கி, ஐந்து வயது மகளோடும் எட்டு வயது மகனோடும் இரண்டு மாதங்களாகக் கேட்டும் பாடியும் வருகிறேன். ஒலிப்பதிவு நன்றாக இருக்கிறது. ஒரு சொல்கூட வாத்திய ஓசைக்குள் அமிழ்ந்துபோகவில்லை. ஆனால் இவ்வகைப் பாடல்களை இனிமையை மட்டும் வைத்து எடைபோட முடியாது. புகை சூழ்ந்த அறையில் குழந்தைக்கு யோசிக்க நேரம் இருக்காது. உடல் எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். ஆகவே ஒவ்வொரு பாடலையும், இதைக் கேட்டதும் குழந்தை என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வியோடுதான் அணுகினேன்.

தொகுப்பிலேயே ஆகச் சிறந்தது முதல் பாடல். அது புகை எச்சரிக்கைக் கருவியைப் பற்றியது. ஐஎஸ்ஓ 8201 என்ற உலகத் தரநிலை, கட்டடத்தை விட்டு வெளியேறச் சொல்லும் எச்சரிக்கைக்கென்று ஓர் ஒலி ஒழுங்கை வகுத்திருக்கிறது. அரை நொடி ஒலி, அரை நொடி அமைதி, மீண்டும் அரை நொடி ஒலி, அரை நொடி அமைதி, மூன்றாவதாக அரை நொடி ஒலி, அதன் பின் ஒன்றரை நொடி அமைதி என்று மொத்தம் 4 நொடிகளில் ஒரு சுற்று முடிகிறது. தாளம் போட்டுப் பார்த்தால் இது நான்கு எண்ணிக்கை. முதல் மூன்றில் தட்டு, நான்காவதில் வெறுமை. பாடலை அமைத்தவர் இதைக் கவனித்து, முழுப் பாடலையும் அதே காலப்பிரமாணத்தில் கட்டியிருக்கிறார். குழந்தைகள் மூன்று முறை கைதட்டி, நான்காவது எண்ணிக்கையில் வாசலை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். இரண்டாவது வாரத்தில் எங்கள் வீட்டுக் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது, முன்பெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழும் மகன், இரண்டாவது சுற்று முடிவதற்குள் வாசல் பக்கம் கையை நீட்டிவிட்டான். எல்லாக் கருவிகளும் இந்த ஒழுங்கில் ஒலிப்பதில்லை என்பதால், பாடலைக் கற்றுக்கொடுக்கும் முன் உங்கள் கருவியை ஒருமுறை அழுத்திக் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது பாடல் புகைக்கு அடியில் தவழ்ந்து வெளியேறுவதைப் பற்றியது. சூடான புகை மேலே எழும், மூச்சுவிடத் தகுந்த காற்று தரையை ஒட்டி இருக்கும் என்பதைச் சொற்கள் சரியாகவே சொல்கின்றன. கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லும் சரணமும், சூடாக இருந்தால் வேறு வழி தேடச் சொல்லும் அடியும் அருமை. ஆனால் பல்லவியில் "கீழே, கீழே" என்று வரும் இடத்தில் மெட்டு மேல்ஸ்தாயிக்கு ஏறுகிறது. காதுக்கு அது உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் மகளின் முகவாய் சுருதியோடு சேர்ந்து உயர்கிறது, அடுத்து தோள் உயர்கிறது, மூன்றாம் முறை பாடும்போது அவள் பாதி எழுந்து நிற்கிறாள். சொல் ஒன்றைச் சொல்லி மெட்டு வேறொன்றைச் சொன்னால் குழந்தை மெட்டைத்தான் கேட்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த அடியை மட்டும் கீழ்ஸ்தாயிக்கு இறக்கி, குரலையும் தணித்து நான் பாடத் தொடங்கிய பிறகு, கையும் முழங்காலும் ஊன்றி, தலையைத் தாழ்த்தியபடியே அவள் வாசல்வரை வருகிறாள்.

நான்காவது பாடலைத்தான் நான் கடுமையாகக் குறைசொல்ல வேண்டியிருக்கிறது. உடையில் தீப்பற்றினால் ஓடாமல் நின்று, கீழே விழுந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும் என்பது எல்லாக் குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டிய பாடம். ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும், நின்றுகொண்டே இருந்தால் சுடர் முகத்தை நோக்கி ஏறும். ஆனால் இந்தப் பாடலில் "நில், விழு, உருள்" என்பது பதினாறு முறை வருகிறது. உடையில் தீப்பற்றினால் என்ற நிபந்தனையோ தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் வேகமாக, தாளத்துக்கு முன்பே எடுத்துவிடும் அடியில் வருகிறது. விளைவு என்னவென்றால், ஒரு மாலையில் எச்சரிக்கைக் கருவியைச் சோதித்தபோது மகள் அந்த இடத்திலேயே விழுந்து உருளத் தொடங்கிவிட்டாள். உடையில் தீ இல்லை. அவள் செய்ய வேண்டியிருந்தது வெளியேறுவதுதான். உண்மையான தீ விபத்தாக இருந்திருந்தால், அந்த நொடிகள் புகைக்குள்ளே கழிந்திருக்கும். கேள்வியும் பதிலுமாக அமைத்து, "உடையில் தீயா?" என்று ஒருவர் கேட்க, "ஆமாம்" என்றால் உருள்வதும் "இல்லை" என்றால் வாசலுக்குப் போவதுமாக இந்தப் பாடலை எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. நாங்கள் இப்போது அப்படித்தான் பாடுகிறோம். அடுத்த பதிப்பில் இதை மாற்றியே ஆக வேண்டும்.

தீப்பெட்டியைக் கண்டால் தொடாமல் பெரியவரிடம் சொல்லும் பாடலும், ஓடும் தண்ணீரில் தீக்காயத்தைக் குளிர்விக்கும் பாடலும் பழுதில்லாதவை. பிந்தையது சரியாக 2 நிமிடம் ஓடுகிறது. 20 நிமிடம் தண்ணீரில் காட்ட வேண்டும் என்பதால் பத்து முறை பாட வேண்டும் என்று கையேடு சொல்கிறது. வலியில் துடிக்கும் குழந்தையைக் குழாயடியில் அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவசர எண்ணுக்கான பாடலில், நாட்டுக்கு நாடு எண் வேறுபடும் என்பதை உணர்ந்து, எண் வரும் இடத்தில் வெறும் இசையை மட்டும் விட்டிருப்பதும் பொறுப்பான செயல்.

கையேட்டில் ஒரு வரியை மட்டும் பெற்றோர் நம்பிவிடக் கூடாது. எச்சரிக்கை ஒலியைப் பாடலாகப் பழகிய குழந்தை தூக்கத்திலும் அதைக் கேட்டு எழுந்துவிடும் என்று அது உறுதி கூறுகிறது. ஆழ்ந்து உறங்கும் குழந்தைகள் பலர் அந்த ஒலிக்கு எழுவதே இல்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் 6 முதல் 12 வயது வரையிலான 24 குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், வழக்கமான கருவியின் ஒலிக்கு 14 பேர் மட்டுமே விழித்தார்கள். பெற்றோர் தம் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்துப் பதிவுசெய்த குரலுக்கு 23 பேர் விழித்தார்கள். எவ்வளவு பாட்டுப் பழகியிருந்தாலும் இரவில் குழந்தையை எழுப்பி வெளியே அழைத்துவருவது பெரியவர்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடம்கொடுக்கும் எந்த வரியும் இப்படிப்பட்ட கையேட்டில் இருக்கக் கூடாது.

முகமூடியோடு வரும் தீயணைப்பு வீரரைப் பற்றி ஏழு பாடல்களிலும் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. பயந்த சிறு குழந்தைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வார்கள். புகைக்குள்ளிருந்து கனத்த உடையும் முகமூடியுமாக, மூச்சுக் கருவி சீறும் ஓசையோடு ஒருவர் வருவதைக் கண்டால் இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொள்வார்கள். தேடி வந்தவரின் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். எனவே இந்த ஒன்றை நாங்களே சேர்த்துக்கொண்டோம். மகன் ஒரு குவளையை வாயில் கவிழ்த்துக்கொண்டு, நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை சீறலாக மூச்சை இழுத்து விட்டபடி அறைக்குள் வருகிறான். முதல் நாள் அலமாரியின் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த மகள், இப்போது அந்தச் சீறல் கேட்டதும் "நான் இங்கே, நான் இங்கே" என்று அதே தாளத்தில் பாடிக்கொண்டே தவழ்ந்து அவனிடம் வருகிறாள்.