கடல் காற்றாலை: இடத்தை அரசு குறிக்கட்டுமா, நிறுவனமே தேடட்டுமா?

கடலில் காற்றாலை அமைக்கத் திட்டமிடும் அரசுகள் முதலில் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான்.

ஆய்வுச் செலவு
அரசு குறித்தால்: நெதர்லாந்தின் போர்செலா கடற்பகுதியில் நடந்ததுபோல, கடலடி மண்ணும் காற்றும் ஏலத்துக்கு முன்பே அளக்கப்படும். போட்டியாளர் எல்லோர் கையிலும் ஒரே தரவு.
நிறுவனம் தேடினால்: செலவு அதன் தலையில். அனுமதி கிடைக்காவிட்டால் போட்ட பணம் கடலோடு போச்சு.

மின்வடம்
நெதர்லாந்தில் மின்தொடரமைப்பு நிறுவனமான டென்னெட்டே கரைவரை இழுக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் காற்றாலை நிறுவனம் வடத்தை அமைத்து, பிறகு அதை வேறொருவருக்கு விற்கிறது.

மீனவர்கள்
எனக்கு இதுதான் முக்கியம். வலை இழுக்கும் தடம், கப்பல் பாதை, பறவைகளின் வலசை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க அரசால்தான் முடியும். நிறுவனத்தின் கண்ணில் படுவது அதன் காற்றாலை நிற்கும் பகுதி மட்டுமே. தூண்கள் ஊன்றிய பிறகு தடத்தை மாற்றச் சொன்னால், மீனவர் எங்கே போவார்?

வேகம்
புது நுட்பத்தைச் சோதிக்க நிறுவன வழி எளிது. ஆனால் டென்மார்க், நிறுவனங்களே இடம் தேடி விண்ணப்பிக்கும் தன் 'திறந்த கதவு' முறையை 2023 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. நிறுவனங்களுக்கு அரசு சலுகை தருவதைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளை மீறுமோ என்ற ஐயமே காரணம்.

மீன்பிடிப்பு மிகுந்த, நெரிசலான கடலுக்கு அரசு குறிக்கும் முறை. மிதக்கும் காற்றாலை போன்ற சிறு சோதனைகளுக்கு நிறுவனம் தேடும் முறை.