பிளேநாவன் நிலக்கரிச் சுரங்கம்: வேல்ஸ் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர் தவறவிடக் கூடாத இடம்

செவிலியர் வேலைக்காகப் பிரிட்டன் சென்றுவிட்ட மகளையோ மகனையோ பார்த்துவர விமானம் ஏறும் பெற்றோர் இன்று மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கருங்கலிலும் ஏராளமாக இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் அவர்களை லண்டனுக்கு அழைத்துச் சென்று, பாலத்தையும் அரண்மனை வாசலையும் காட்டிப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகளின் வேலை பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃப், நியூபோர்ட் பக்கம் என்றால், லண்டனுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது பிளேநாவன் என்ற சிறு மலை ஊரில் உள்ள ‘பிக் பிட்’ நிலக்கரிச் சுரங்கம் என்பேன். மகளின் விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்வந்த பிறகு, ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

நூறாண்டுக்கு மேல் கரி வெட்டிய இந்தச் சுரங்கம் 1980-இல் மூடப்பட்டது. 1983-இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். சுரங்கமும் பழைய இரும்பு உலையும் அடங்கிய பிளேநாவன் நிலப்பரப்பை யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு கிளையாக இப்போது நடைபெறும் இங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.

கூண்டு போன்ற பழைய லிப்டில் ஏறி, 90 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிச் செல்லும் நிலத்தடிச் சுற்றுதான் இங்கே முக்கியமானது. இறங்கும் முன் விளக்கு பொருத்திய தலைக்கவசத்தையும், இடுப்புப் பட்டையையும், அதில் தொங்கும் மின்கலத்தையும், நச்சுக்காற்று சூழ்ந்தால் மூச்சைக் காக்கும் கருவியையும் அணிவிக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ எடை வருகிறது. கைபேசி, கைக்கடிகாரம், கார் சாவி, தீப்பெட்டி என்று பொறி உண்டாக்கக்கூடிய எதையும் உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயுவுக்கு ஒரு சிறு பொறியே போதும் என்பதால் இது வெறும் சடங்கு அன்று; இதே தெற்கு வேல்ஸில் உள்ள செங்ஹெனித் சுரங்கத்தில் 1913-இல் நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். படம் எடுக்க முடியவில்லையே என்று என் மருமகன் முதலில் சற்று வருந்தினாலும், எவர் கையிலும் கைபேசி இல்லாத அந்த ஐம்பது நிமிடங்களில் எங்கள் குழு முழுவதும் வழிகாட்டியின் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தது.

அந்த வழிகாட்டிகள்தான் இந்த இடத்தின் உண்மையான செல்வம். சுரங்கத்தில் உழைத்தவர்களே இங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். எங்களை அழைத்துச் சென்ற பெரியவர் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கவில்லை. கூரையைத் தாங்கும் மரத்தூணைக் கையால் தட்டிக் காட்டி, பாறை இறங்குவதற்கு முன் மரம் முனகும் என்றும், அந்த ஒலியைக் கேட்டுத்தான் ஓடுவார்கள் என்றும் அவர் விளக்கியபோது, அதைக் கேட்டு வளர்ந்த காது அவருடையது என்பது எங்களுக்குப் புரிந்தது. கனமான ஒரு மரக்கதவின் அருகே நிறுத்தி, எல்லோருடைய விளக்கையும் அணைக்கச் சொன்னார். கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. காற்றோட்டத்தை முறைப்படுத்தும் அத்தகைய கதவுகளைக் கரிவண்டி வரும்போது திறந்து மூட, 1842-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை, பிரிட்டன் சுரங்கங்களில் ஐந்தாறு வயதுக் குழந்தைகளையும் அந்த இருட்டில் நாள் முழுவதும் உட்கார வைத்திருந்தார்கள் என்று அவர் சொன்னதும் என் மனைவி பேரனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் பெண்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது அந்தச் சட்டம்தான். சற்றுத் தள்ளி, கரிவண்டிகளை இழுத்த குதிரைகளின் லாயம் அவற்றின் பெயர்ப் பலகைகளோடு அப்படியே இருக்கிறது.

மேலே வந்தபின் 1939-இல் கட்டப்பட்ட குளியல் கூடத்தைக் கட்டாயம் பாருங்கள். அதற்கு முன்பெல்லாம் கரி படிந்த உடலோடு வீட்டுக்குப் போய், அடுப்படியில் தகரத் தொட்டியில் குளித்தவர்கள் அவர்கள். வெந்நீர் காய்ச்சியது வீட்டுப் பெண்கள். இப்போது அங்கே நடக்கும் கண்காட்சி, தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வையும், நுரையீரலில் கரித்தூள் படிந்து உண்டான நோயையும், 1984-85 வேலைநிறுத்தத்தையும் மறைக்காமல் சொல்கிறது.

செவிலியர்களின் பெற்றோருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. பிளேநாவனுக்கு அருகில் உள்ள டிரெடீகர் ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1897-இல் பிறந்து, பதின்மூன்று வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன்தான், பின்னாளில் சுகாதார அமைச்சராகி 1948-இல் பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கி வைத்தார். டிரெடீகரில் தொழிலாளர்கள் கூலியிலிருந்து சிறு தொகை செலுத்தி நடத்திவந்த மருத்துவ உதவிச் சங்கமே அவருக்கு முன்மாதிரி. நம் பிள்ளைகளுக்கு வேலை தந்திருக்கும் மருத்துவமனைகளின் வேர் இந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது என்பதை நேரில் உணர்ந்தது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது.

குறைகளும் உண்டு. ஒலியும் ஒளியும் கொண்டு சுரங்க வேலையை நடித்துக் காட்டும் செயற்கைக் கூடம், உண்மையான சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வருபவருக்குச் சலிப்பூட்டும். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம். வேல்ஸ் மக்களின் ஆங்கில உச்சரிப்பு நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது, ஆகவே வழிகாட்டிக்கு அருகிலேயே நடப்பது நல்லது. கூரை தாழ்ந்த இடங்களில் குனிந்தே போக வேண்டும் என்பதால் முழங்கால் வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும். ஒரு மீட்டர் உயரம் இல்லாத குழந்தைகளுக்குக் கீழே அனுமதி இல்லை.

அங்கே நடக்கும்போதெல்லாம் நம் குமரிக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சியே என் நினைவில் இருந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தபின், அதிலுள்ள தோரியத்துக்காக, அதாவது எரிவாயு விளக்கின் வலைத்திரிக்காக, நம் கடற்கரை மணல் கப்பலேறியது. அந்த மணலை அள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும் அந்த உழைப்பையும், அதனால் வந்த வருமானத்தையும், கதிர்வீச்சு பற்றிய அச்சத்தையும் உழைத்தவர் வாயாலேயே கேட்க நமக்கு ஓர் அறைகூட இல்லை. அத்தகைய ஒன்று குளச்சலிலோ மணவாளக்குறிச்சியிலோ அமைய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லியும் 2015-இல் மூடப்பட்டுவிட்டது. ஆழத்தில் கரி வெட்டியவர்கள் இனி புதிதாக வரப்போவதில்லை. இப்போதுள்ள வழிகாட்டிகளுக்கும் வயதாகிறது. ஆகவே பயணத்தை அடுத்த முறைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

பிளேநாவனுக்கு வழக்கமான பயணிகள் ரயில் சேவை இல்லை. கார்டிஃப்பிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், நியூபோர்ட் பக்கமிருந்து பேருந்திலும் போகலாம். நிலத்தடிச் சுற்றுக்கான விவரங்களை அருங்காட்சியக இணையதளத்தில் முதலிலேயே பார்த்து, காலையிலேயே போய்ச் சேருங்கள். கோடையிலும் கீழே குளிரும். கம்பளிச் சட்டையும் வழுக்காத ஷூவும் வேண்டும், செருப்பு உதவாது.