மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்: ஜாஸ் கார்டுப் பயிற்சியில் சில ஆண்டுகள்

ஜாஸில் கற்பனையாக வாசிக்க வேண்டுமென்றால் முதலில் எல்லா ஸ்கேல்களையும் (சுர வரிசைகளையும்) பழக வேண்டும் என்பார்கள். அதற்கு மாறாக, ஒவ்வொரு கார்டிலும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பிலும்) அதற்குப் பெயர் தரும் வேர்ச்சுரத்திலிருந்து எண்ணும் மூன்றாம், ஏழாம் சுரங்களை, அதாவது வழிகாட்டும் சுரங்களை, மட்டும் பிடித்துக்கொண்டு தொடங்கும் முறையைச் சில ஆண்டுகளாகக் கீபோர்டில் பின்பற்றி வருகிறேன். கார்டு வரிசையைத் திரையில் காட்டி, பாஸையும் டிரம்ஸையும் ஒலிக்கச் செய்யும் கைப்பேசிச் செயலி ஒன்றே துணை.

ஜாஸில் அடிப்படைக் கார்டு பெரும்பாலும் ஏழாம் சுரத்தையும் சேர்த்து நான்கு சுரங்களாகவே கொள்ளப்படுகிறது. மேஜர் செவன்த் என்னும் வகையில் மூன்றாவதும் ஏழாவதும் பெரியவை (சிறியதைவிட அரைச்சுரம் உயர்ந்தவை). மைனர் செவன்தில் இரண்டும் சிறியவை. டாமினன்ட் செவன்தில் மூன்றாவது பெரியது, ஏழாவது சிறியது. வேர்ச்சுரத்தைப் பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். ஐந்தாம் சுரம் மூன்று வகையிலும் ஒன்றே என்பதால், அதை விட்டாலும் கார்டின் அடையாளம் குறைவதில்லை.

இம்முறையின் பயன் இரண்டு–ஐந்து–ஒன்று என்னும் நகர்வில், அதாவது ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் சுரங்களின் மேல் அமையும் கார்டுகள் அடுத்தடுத்து வருகையில், உடனே தெரியும். சி மேஜரில் இது டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் என்று வரும். முதல் கார்டில் மூன்றாம், ஏழாம் சுரங்களான எஃப், சி ஆகிய இரண்டையும் பிடித்தால், அடுத்ததில் எஃப் அப்படியே நிற்க, சி மட்டும் அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. அதற்கடுத்ததில் பி நிற்க, எஃப் அரைச்சுரம் இறங்கி ஈ ஆகிறது. கை ஏறக்குறைய அசையாமலேயே கார்டு மாறிவிடும் இந்தச் சிக்கனம் பழகப் பழக விரலைவிடக் காதுக்கே அதிகம் உதவியது என்பது என் கருத்து.

ஜோசப் கோஸ்மா 1945இல் இசையமைத்த, ஆங்கிலத்தில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ எனப்படும் பாடலை ஈ மைனரில் இப்படி வாசித்தால், தொடக்கத்திலேயே கார்டுகளுக்குள்ளிருந்து சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி என்று படிப்படியாக இறங்கும் ஒரு வரி கிடைக்கிறது. அந்த வரியைச் சுற்றி அக்கம்பக்கத்துச் சுரங்களைச் சேர்த்தாலே கேட்கத்தக்க ஒரு சோலோ உருவாகிவிடும். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதில் இந்தத் திசை கிடைப்பதில்லை. ஆனால் இதே பாடலில் வரும் எஃப் ஷார்ப் ஹாஃப் டிமினிஷ்ட் கார்டை மைனர் செவன்திலிருந்து பிரித்துக்காட்டுவது அரைச்சுரம் குறைந்த ஐந்தாம் சுரமே. ஐந்தாவதை விட்டுவிடலாம் என்ற வசதி அங்கே செல்லாது.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவுசெய்த ‘ஸோ வாட்’ போன்றவற்றில் இம்முறை பெரிதாக உதவவில்லை. அதன் 32 பார்களில் (தாளப் பகுதிகளில்) முதல் பதினாறும் டி டோரியன் என்னும் ஒரே ஸ்கேலிலேயே நிற்கின்றன. அடுத்த எட்டு அரைச்சுரம் மேலே சென்று, கடைசி எட்டு திரும்பி வருகின்றன. கார்டே மாறாத இடத்தில் வழிகாட்டும் சுரத்துக்கு என்ன வேலை? அங்கே தாளமும், மோட்டிஃப் எனப்படும் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்குமே சோலோவைத் தாங்க வேண்டும்.

செயலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேகத்தையும் சுருதியையும் நொடியில் மாற்ற முடிவது பெரிய வசதிதான்; ஆனால் அதன் டிரம்ஸ் நம் வாசிப்பைக் கேட்டு வாசிப்பதில்லை, நாம் இடம்விட்டாலும் அடர்த்தியாக வாசித்தாலும் அதற்கு ஒன்றே. வாரத்தில் சில நாட்கள் அதன் பியானோவை அணைத்துவிட்டு பாஸை மட்டும் வைத்துக்கொள்வதும், அவ்வப்போது பாஸையும் அணைத்துவிட்டு, தாளம் காட்டும் மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் ஒலிக்கவிடுவதும் எனக்குப் பொருந்தியிருக்கின்றன.