புளி போட்டுத் தேய்த்த பத்து ரூபாய்: திருப்பதியில் ஒரு நாணயக் கடை

நகரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு டிபன் கடை. சில்லறையோடு தினமும் மல்லுக்கட்டுகிற நான் நாணயக் கடைக்கு விமர்சனம் எழுதுவதே வேடிக்கைதான். எல்லாம் ஒன்பதாவது படிக்கும் என் மகனால் வந்தது. போன வருடம் உண்டியலை உடைத்து, எங்கேயோ இருக்கிற ஒரு வியாபாரியிடம் 600 ரூபாய் கொடுத்து 'அபூர்வ' பத்து ரூபாய் நாணயம் ஒன்றைத் தபாலில் வரவழைத்தான். பளபளவென்றுதான் வந்தது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதை எடுத்துக்கொண்டு புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்துச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் கடை. போர்டு கிடையாது. இரண்டு ஸ்டூல், ஒரு மேஜை விளக்கு. கடைக்காரர் பேசுவது நம்ம சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்தான். பாதியில் தெலுங்குக்குப் போய் வருவார்.

நாணயத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "புளி போட்டுத் தேய்ச்சிருக்காங்கக்கா."

அட! வெள்ளிக்கிழமை தோறும் என் குத்துவிளக்கில் நான் பார்க்கிற அதே பளபளப்பு. வேற்று ஊர்க்காரனிடம் பார்த்ததால் அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் புது நாணயம் ஒன்றை ஓரத்தில் மட்டும் பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்தார். வெளிச்சம் காற்றாடி போல நாணயத்தின் மேல் சுற்றி வந்தது. எங்களுடையதைச் சாய்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மினுமினுப்பு; லென்ஸில் முடி முடியாகக் கீறல். அச்சு அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்புப் பக்கம் ஓடும், அந்தத் தடம்தான் இப்படிச் சுழல்கிறதாம். ஒரு தரம் தேய்த்தால் போச்சு, திரும்ப வராது. இதைச் சொன்னதற்குக் காசு வாங்கவில்லை.

மகன் கேட்ட கேள்விக்கெல்லாம் அசராமல் பதில் சொன்னார். வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத் நாணயச் சாலையில் அடித்தது, வைரம் மும்பை, புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. நாணயச் சாலையிலிருந்து ரிசர்வ் வங்கி, அங்கிருந்து வங்கிகள் பணத்தைச் சேர்த்து வைக்கிற கிடங்கான கரன்சி செஸ்ட், கடைசியாகக் கிளை. வழியெல்லாம் மூட்டையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வருவதால், யார் கையும் படாத புது நாணயத்திலும் தழும்பு இருக்கும். சேகரிப்பவர்களுக்கென்று நாணயச் சாலையே தனியாக செட் போட்டு விற்பது இதனால்தான். அதில் 'புரூஃப்' வகைக்கு அச்சையும் தகட்டையும் மெருகேற்றி, ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்களாம். அவரிடம் ஒன்று இருந்தது. முகம் பார்க்கலாம், கண்ணாடிதான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்பது என்.டி.ஆர். நாணயத்தை; நடிகராக இருந்து ஆந்திர முதல்வரான என்.டி. ராமாராவ் நினைவாக வந்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று குடியரசுத் தலைவர் வெளியிட்டது, ஹைதராபாத்தில் அடித்தது. 44 மி.மீ. அகலம், பாதி வெள்ளி. மேலே 100 ரூபாய் என்று போட்டிருக்கும், விலையோ ஆயிரங்களில். இது கல்லாவுக்கு வரவே வராத ஜாதி. நினைவுக்கு வாங்கி வைப்பதோடு சரி. ரசிகர்கள் வாங்கட்டும், எனக்கு அவ்வளவு பக்தி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பில் தருவதில்லை; கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். 100 நாணயம் அடங்கிய புது பத்து ரூபாய் பாக்கெட்டை 1,250 ரூபாய் என்றார். அதே மாதிரி பாக்கெட்டை என் வங்கியில் ஆயிரத்துக்கு நான் வாங்கியிருக்கிறேன், அதைச் சொல்லியும்விட்டேன். "உங்களுக்கு அங்கேயே கிடைக்குதே, இங்க ஏன் வாங்கறீங்க?" என்று பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டார். கோபப்படவும் முடியவில்லை. ஆகவே, புழக்கத்துக்கு வருகிற நாணயத்தை இங்கே வாங்காதீர்கள். வங்கியில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் போய்க் கேளுங்கள். செட், ஆல்பம், நாணயம் வைக்கிற அட்டை, இவற்றுக்குத் தாராளமாகப் போகலாம். சாதா பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சை பூக்கும் என்று மைலார் என்கிற கண்ணாடி மாதிரித் தாளில் ஜன்னல் வைத்த அட்டையைத்தான் கொடுத்தார்.

மதியம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கிறார். பணம் கொடுக்கும்போது பத்து ரூபாய் நாணயமாகவே கொடுங்கள். 14 வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும், "நோட்டா குடுக்கா" என்கிற ஆட்கள் என் கடைக்கு இன்னும் வருகிறார்கள். இவர் நான் கொட்டிய முப்பத்திரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றையும் திருப்பி நட்சத்திரமா வைரமா என்று பார்த்துத்தான் பெட்டியில் போட்டார்.