சீனர் விலக்குச் சட்ட விவாதம், 1882: நான் வாங்கிய மறுபதிப்பைப் பற்றி

அமெரிக்க காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து, சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் மசோதா மீது 1882இல் நடந்த விவாதங்களை மட்டும் தொகுத்து, கேட்பவருக்கு அச்சிட்டுத் தரும் இணைய விற்பனையாளர் ஒருவரிடம் இந்த மறுபதிப்பை வாங்கினேன்.

உள்ளடக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. கலிஃபோர்னியா செனட்டர் ஜான் மில்லர் பிப்ரவரி 28 அன்று மசோதாவை ஆதரித்துப் பேசுகிறார். மறுநாள் மாசசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர் எழுந்து, ஒருவரை அவரது நடத்தைக்காக அன்றி இனத்துக்காகத் தடுப்பது சுதந்திரப் பிரகடனத்துக்கே முரணானது என்று வாதிடுகிறார். இருவரும் குடியரசுக் கட்சியினர் என்பது படிக்கும்போது அடிக்கடி மறந்துபோகிறது. என்னை அதிகம் ஈர்த்தது ஆண்டுக் கணக்கைப் பற்றிய வாதம்தான். சீனாவுடன் 1880இல் செய்துகொண்ட ஒப்பந்தம், தொழிலாளர் வருகையை இடைநிறுத்தலாம், அடியோடு தடை செய்யக் கூடாது என்றது. அப்படியானால் மசோதா கேட்ட 20 ஆண்டு என்பது இடைநிறுத்தமா, தடையா? செனட் 29க்கு 15 என்றும், பிரதிநிதிகள் சபை 167க்கு 66 என்றும் வாக்களித்து நிறைவேற்றிய மசோதாவை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் நியாயமான இடைநிறுத்தம் ஆகாது என்று சொல்லி, ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் ஆர்தர் திருப்பி அனுப்பினார். பிறகு 20 என்பது 10 ஆகக் குறைந்தது. மே 6 அன்று அவரே கையெழுத்திட்டார். அந்த ‘இடைநிறுத்தம்’ 1892இல் நீட்டிக்கப்பட்டு, 1902இல் காலவரம்பும் நீக்கப்பட்டு, 1943 வரை நீடித்தது தனிக்கதை.

அச்சுதான் ஏமாற்றம். பழைய தாள்களை ஸ்கேன் செய்தவர்கள் ஓரங்களைக் கவனிக்கவில்லை. ஹோரின் உரையில் உட்பக்க வரிகளின் முதல் சொற்களை பைண்டிங் விழுங்கிவிட்டதால், நூலின் முதுகு ஒடிய விரித்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. பெயரடைவும் இல்லை, யார் எந்தப் பக்கத்தில் பேசினார் என்பதை நானே பென்சிலால் குறித்துக்கொண்டேன். விற்பனை விவரத்தில் இருப்பதாகச் சொன்ன ஆர்தரின் மறுப்புச் செய்தி என் பிரதியில் இல்லவே இல்லை. எழுதிக் கேட்டதற்குப் பாதித் தொகையைத் திருப்பித் தந்தார்கள், விடுபட்ட பக்கங்களைத் தரவில்லை.

மூலக் குறிப்புகள் அமெரிக்க அரசின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திரையில் நீண்ட நேரம் படிக்க முடியாதவர்கள் மட்டும், மாதிரிப் பக்கங்களை முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.