மானுக்கு செமி ஓட்டோத் துவக்கு: ஒன்பது நவம்பர் பாவித்த பிறகு

நல்லூரில் கொடியேறினால், கனடாவில் இருந்து வந்து நிற்கிற மருமக்களில் ஒருவராவது இதைக் கேட்காமல் போவதில்லை: "மாமா, மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திட்டன். செமி ஓட்டோ வாங்கட்டோ, போல்ற் வாங்கட்டோ?" அவர்களுக்காகவும், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அவர்களுக்குப் புத்தி சொல்கிற பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். செமி ஓட்டோ என்றால் வெடித்ததும் அடுத்த ரவையைத் தானே ஏற்றுகிற துவக்கு. போல்ற் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் போல்ற்றை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடுகிற உருளையை, கையால் இழுத்து ஏற்ற வேண்டும். ஒன்ராறியோக் காட்டில் ஒன்பது வருடம் நவம்பர் வேட்டையில் பாவித்த, காஸ் பிஸ்ரனில் (வெடிமருந்துக் காஸ் தள்ளுகிற தண்டில்) இயங்கும், .308 ரவை போடுகிற செமி ஓட்டோத் துவக்கு ஒன்றை வைத்துத்தான் சொல்கிறேன். கொம்பனிப் பெயர் வேண்டாம். கீழே வரும் கோளாறுகள் இந்த வகைக்கே பொதுவானவை.

முதலில் சட்டம். இலங்கையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. சுடுவதும் குற்றம், இறைச்சி விற்பதும் குற்றம். வன்னியில் "ஒரு பங்கு மான்" என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். லண்டனில் இருக்கிற பிள்ளைகளுக்கு 1988இல் இருந்தே அடிப்பக்கத்தின் நடுவில் தீமூட்டும் கேப்பு உள்ள ரவை பாவிக்கும் செமி ஓட்டோ றைபிள் தடை. அவுஸ்திரேலியாவில் 1996இல் சாதாரண வேட்டைக்காரரின் கைக்கு எட்டாமல் போய்விட்டது. ஜேர்மனியில் மகசினில் (ரவை அடுக்குகிற பெட்டியில்) இரண்டு ரவை, குழலில் ஒன்று, அவ்வளவுதான். கனடாவில் வேட்டைக்கு விடுகிறார்கள், ஆனால் மகசினில் ஐந்துக்கு மேல் கூடாது. 2020 மே 1இல் நிறைய மாதிரிகளை ஒரே நாளில் தடைசெய்தார்கள், பிறகும் பட்டியல் நீண்டது. ஆகவே காசு கொடுக்கமுதல் அந்தத் துவக்கின் சரியான மாதிரிப் பெயரைக் கனடியப் பொலிசாரின் துவக்குப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல் காணாது.

செமி ஓட்டோ யாருக்கு? நாய் விட்டுக் கலைக்கிற கூட்டத்தோடு போய், ஓடிவருகிற மானை எதிர்பார்த்து நிற்பவருக்கு. தோள் நோவுள்ளவருக்கும் சரி, ஏனென்றால் காஸும் சுருளும் பின்னுதைப்பின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மரத்தில் பரண் கட்டி ஒரே இடத்தில் இருந்து, நின்று மேய்கிற மானைச் சுடுபவருக்கு இது தேவையே இல்லை. அவருக்குப் போல்ற் துவக்கு பாரமும் குறைவு, வேலையும் குறைவு, விசையும் மென்மை. செமி ஓட்டோவின் விசை பெரும்பாலும் இரண்டரைக் கிலோ இழுவையில் இருக்கும். நல்ல போல்ற் துவக்கில் ஒன்றரைக் கிலோ போதும். துவக்கைத் துப்புரவாக்கப் பஞ்சிப்படுகிறவர் எந்த வேட்டைக்குப் போனாலும் செமி ஓட்டோ வாங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைகளில் காணக்கூடியவற்றில் பிறவுணிங் பி.ஏ.ஆர். 1967இல் வந்தது. 1918இன் இராணுவத் துவக்குக்கும் அதே பெயர்தான், இரண்டும் வேறு. ரெமிங்ரன் 742 1960இலும், 7400 1981இலும், பெனெல்லி ஆர்1 2003இலும் வந்தன. எல்லாம் காஸில் இயங்குபவை. ரவைக்கு .308 அல்லது 30-06 எடுத்தால் எந்தச் சின்னப் பட்டினத்திலும் கிடைக்கும். ஒன்ராறியோவின் வெள்ளைவால் மான் எங்கட புள்ளிமானை விடப் பெரியது. நல்ல கிடாய் நூறு கிலோவுக்கும் வரும். அதற்கு 150 கிரேன், அதாவது 9.7 கிராம், குண்டு போதும், மக்னம் என்கிற பலம் கூடிய ரவை வேண்டாம். 100 மீற்றரில் குறி நேராக வைத்தால் 200 மீற்றரில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் பாதியளவு, பத்துச் சென்ரிமீற்றர், கீழே விழும். அடர்ந்த காட்டில் பெரும்பாலான வெடிகள் 100 மீற்றருக்குள்தான். ஸ்கோப்பும் (குறிபார்க்கிற தொலைநோக்கி) தோள் நாடாவும் ரவையும் சேர்ந்தால் துவக்கு நாலு கிலோவைத் தாண்டும். கடையில் வெறுந்துவக்கைத் தூக்கிப் பார்த்து "பாரமில்லை" என்று நினைக்காதீர்கள்.

இனி, புதியவர்கள் அதிகம் பிழைவிடுகிற இடம். விடியப்புறம் பரணில் ஏறியதும் ரவையை ஏற்ற வேண்டும். சத்தம் கேட்டு மான் ஓடிவிடும் என்ற பயத்தில், போல்ற்றின் கைபிடியைப் பிடித்தபடி மெல்ல மெல்ல முன்னுக்கு விடுவார்கள். போல்ற் குழலைத் தொடும், ஆனால் அதன் தலை முழுதாகத் திரும்பிப் பற்கள் பூட்டாது. இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி அரையிருட்டில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மணித்தியாலம் கழித்து மான் வரும், விசையை இழுப்பீர்கள், ஒன்றும் நடக்காது. துவக்கில் பழுதில்லை. பூட்டாத போல்ற்றில் வெடிக்காமல் இருப்பதற்காகவே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். போல்ற்றைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள், சுருளே அடித்து மூடட்டும். சத்தம் வரும், வரட்டும். அதன்பிறகு பெருவிரலால் கைபிடியை முன்னுக்கு ஒருக்கால் தள்ளிப் பாருங்கள். அசையாவிட்டால் பூட்டியிருக்கிறது. சட்டப்படி ரவை ஏற்றத் தொடங்கக்கூடிய நேரம் சூரிய உதயத்துக்கு அரைமணிக்கு முன்பு, அதற்குப் பிறகு மான் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்.

அதே ரவையைத் தினமும் ஏற்றி இறக்குவது இன்னொரு பிழை. போல்ற் அடித்து மூடும்போது குண்டின் மூக்கு ஏற்றப்பாதையில் இடிபடும். ஐந்தாறு தரம் இடிபட்டால் ஈய நுனி நசிந்து, குண்டு கோதுக்குள் (ரவையின் பித்தளை உறைக்குள்) உள்வாங்கும், அமுக்கம் கூடும். மேலே இருந்த ரவையில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடு விழுந்தால் அதைக் குறிபார்க்கும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வீட்டில் ரவை நிரப்புகிறவர்கள் கோதை முழு நீளத்துக்கும் அளவுபடுத்த வேண்டும், கழுத்தை மட்டும் செய்தால் போல்ற் மூடாது. மெல்ல எரியும் மருந்து போட்டால் காஸ் துளையில் அமுக்கம் கூடி, போல்ற் தேவைக்கு அதிக வேகத்தில் பின்னுக்கு அடிக்கும். செமி ஓட்டோவுக்குக் கடை ரவையே நல்லது.

எண்ணெய் விசயத்தில் ஊர்ப் பழக்கத்தை விட வேண்டும். எங்கட அப்பாமார் வேட்டைத் துவக்குக்குத் தேங்காயெண்ணெய் பூசினார்கள், யாழ்ப்பாணத்துச் சூட்டுக்கு அது ஓடியது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். மார்கழி விடியற்காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஒன்ராறியோ நவம்பரில் அது மெழுகுதான், போல்ற் அரைவழியில் நின்றுவிடும். துவக்கெண்ணெயே தடிப்பானதாக இருந்தால் இதே கதிதான். மெல்லிய எண்ணெய் ஒரு துளி போல்ற் ஓடும் தண்டவாளத்தில், பிறகு துணியால் துடைத்துவிட வேண்டும். தொட்டால் விரலில் மினுக்கம் தெரியலாம், ஈரம் தெரியக்கூடாது. காஸ் பிஸ்ரனுக்கு எண்ணெயே வேண்டாம். எண்ணெய் எரிந்து கரியாகி, பிஸ்ரன் சிலிண்டருக்குள் இறுகும்.

அந்தக் கரியை எடுப்பதற்கு முன்தண்டை (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற பகுதியை) ஒவ்வொரு 40 வெடிக்கும் ஒருக்கால் கழற்றுங்கள். நாடா கொளுவும் முன் திருகைக் கழற்றினால் பெரும்பாலான மாதிரிகளில் முன்தண்டு முன்னுக்கு வழுகி வரும். உள்ளே சிலிண்டர், பிஸ்ரன், சுருள், தடிகள். எது எந்தப் பக்கம் பார்த்தது என்று கழற்றமுதல் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பிஸ்ரனை விரலால் தட்டினால் தன் பாரத்திலேயே வழுகி விழ வேண்டும். விழாவிட்டால் கரைப்பானில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் உரஞ்சுங்கள், அரத்தாள் தொடவே கூடாது. குழலைப் பின்பக்கத்தால் துப்புரவாக்க வழியில்லாததால் வாயால்தான் கம்பி விட வேண்டும். அப்போது துவக்கை ஸ்கோப் கீழே வரக் கவிழ்த்துப் பிடித்தால் அழுக்கு விசைக்குள் ஓடாது. குழல் வாயில் காவல் வளையம் போடாமல் கம்பி உரசினால் குறி கெடும். திரும்பப் பூட்டும்போது திருகை இறுக்குகிற அளவு ஒவ்வொரு தரமும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். முன்தண்டு குழலில் அழுத்துகிற அளவு மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். கழற்றிப் பூட்டியபிறகு மூன்று வெடி வைத்துப் பார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். மூன்றும் 100 மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றருக்குள் விழுந்தால் மானுக்குப் போதும்.

கோது சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் துருதான். வெளியில் மறை பத்துப் பாகை, வீட்டுக்குள் இருபது. உள்ளே கொண்டுவந்ததும் துவக்கு, ஐஸில் இருந்து எடுத்த சோடாப் போத்தல்போல வேர்க்கும். குழலின் பின்னறைக்குள் (ரவை இருக்கிற இடத்தில்) அந்த ஈரம் நின்று நுண்ணிய குழிகள் விழும். வெடிக்கும்போது பித்தளைக் கோது விரிந்து அந்தக் குழிகளைப் பற்றிக்கொள்ளும். போல்ற் பின்னுக்குப் போகிற வேகத்தில் கொக்கி கோதின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு போய்விடும், கோது உள்ளேயே நிற்கும். போல்ற் துவக்கில் கையால் மெல்ல இழுக்கலாம், இதில் அந்தப் பொறுமை இயந்திரத்துக்கு இல்லை. வெறுமையாக்கிய துவக்கை மூடிய பைக்குள்ளேயே இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, வீட்டுச் சூட்டுக்கு வந்தபிறகு திறந்து துடையுங்கள்.

பழைய துவக்கு வாங்குகிறவர் ஒரு சின்ன ரோச் கொண்டுபோக வேண்டும். பின்னறை கண்ணாடிபோல இருக்கிறதா, போல்ற் தலை ஓடுகிற தண்டவாளத்தில் வெட்டு விழுந்திருக்கிறதா, மகசின் உதடுகள் வளைந்திருக்கிறதா. தண்டவாளத்தில் நகத்தால் உணரக்கூடிய வெட்டு இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், அது திருத்துகிற இடமில்லை. இடக்கை ஆட்களுக்கு கோது முகத்துக்குக் குறுக்காகப் பறக்கும், வாங்கமுதல் தோளில் வைத்துப் பாருங்கள். ஸ்கோப் 3-9 பெருக்கம் தாராளம்.

பாதுகாப்பில் ஒரு விசயம் போல்ற் துவக்கில் இருந்து முற்றிலும் வேறு. வெடித்த அந்தக் கணமே அடுத்த ரவை குழலில் தயாராக நிற்கிறது, விசை திரும்பவும் உயிரோடு இருக்கிறது. மான் விழுந்ததும் ஓடுகிறார்கள், அதுதான் ஆபத்து. சேப்ரியை, அதாவது விசையைத் தடுக்கிற பூட்டை, போட்டபிறகே கால் எடுக்க வேண்டும். வேலி கடக்கவும் பரணில் இருந்து இறங்கவும் முழுதாக வெறுமையாக்க வேண்டும்: முதலில் மகசின், பிறகு போல்ற். வரிசை மாறி முதலில் போல்ற்றை இழுத்தால் மகசினில் இருந்து புதிய ரவை ஏறிவிடும், துவக்கு வெறுமை என்று நினைத்துக்கொண்டு ஏற்றிய துவக்கோடு இறங்குவீர்கள். கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டும் பாருங்கள். ரவை உள்ள மகசினை மட்டும் பூட்டி, குழலில் ரவை இல்லாவிட்டாலும் ஒன்ராறியோச் சட்டத்தில் அது ஏற்றிய துவக்குத்தான்.

இறைச்சிக்கு வந்தால், ஈயக் குண்டு உடைந்து தூளாகிக் காயத்தைச் சுற்றிப் பரவும். காயத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு வெட்டி எறியுங்கள், குழந்தைப்பிள்ளைகள் உள்ள வீட்டில் செப்புக் குண்டு பாவியுங்கள். எந்தச் செப்புக் குண்டை உங்கள் துவக்கு ஒழுங்காக ஏற்றுகிறது என்று இரண்டு மகசினாவது சுட்டுப் பார்க்க வேண்டும்.

ஊருக்கு வரமுதல் மகசின் வேறாக, போல்ற் மூடியபடி, விசைப்பூட்டுப் போட்டு, ரவையை வேறு பூட்டில் வையுங்கள். பின்னறைக்குள் மட்டும் மெல்லிய எண்ணெய் பூசி, திரும்பிப்போனதும் சுடமுதல் துடைத்தெடுங்கள். காட்டுக்குப் போட்ட ஜக்கெற்றை விமானத்துக்குப் போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமென்றால் எல்லாப் பொக்கற்றையும் வெளியே புரட்டிப் பாருங்கள், தையலுக்குள் மறந்துபோன ஒரு வெற்றுக் கோது கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ கிடைத்தால் திருவிழா பார்க்க வந்த நாட்கள் விளக்கம் சொல்வதிலேயே போய்விடும்.