தேதி இல்லாத கட்டுரையை நம்பி எஃப்.டி.யை உடைக்காதீர்கள்

திருமங்கலத்தில் இருக்கும் என் சித்திக்கு நடந்தது இது. பேங்கில் போட்ட பணத்தின் வட்டியில் குடும்பம் நடத்துகிறவர். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கட்டுரையில் மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரம் பற்றிப் போட்டிருந்தது: பெண்களுக்கு மட்டும், 2 லட்சம் வரை, இரண்டு வருடம், 7.5 சதவீத வட்டி. விவரமெல்லாம் சரிதான். எப்போது எழுதியது என்பது மட்டும் எங்கேயும் இல்லை. தலைப்புக்குக் கீழே 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி.

சித்தி எஃப்.டி.யைப் பாதியில் உடைத்தார். பேங்கில் வட்டியைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். தபாலாபீஸ் கவுன்டரில் இருந்த பெண் ஃபாரத்தைக் கையில் வாங்கவே இல்லை. "அது முடிஞ்சு போச்சேம்மா, 2025 மார்ச் 31-ஓட நிப்பாட்டிட்டாங்க." 2023 ஏப்ரலில் வந்த திட்டம், இரண்டு வருடத்துக்குத்தான் என்று ஆரம்பத்திலேயே அறிவித்திருந்தார்கள்.

அன்று ராத்திரி அந்தத் தளத்தைக் குடைந்து பார்த்தேன். கட்டுரையில் இருந்த படத்தைத் தனியாகத் திறந்தால், அதன் முகவரியிலேயே 2023/04 என்று இருக்கிறது. படம் ஏற்றிய வருடமும் மாதமும். மறுநாள் பார்த்தாலும் 'இன்று'தான். யாரும் தொடாமலே அந்த வரி தானாக மாறிக்கொள்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு உச்சவரம்பு 15 லட்சம் என்று அங்கேயே இன்னொரு கட்டுரை. 2023 ஏப்ரலிலேயே அது 30 லட்சமாகிவிட்டது. அதற்கும் 'இன்று'.

மெயில் போட்டுக் கேட்டேன். பழைய தேதி தெரிந்தால் யாரும் திறக்க மாட்டார்கள் சார் என்று பதில் வந்தது. புளியோதரைக் குறிப்புக்குத் தேதி வேண்டாம், சரி. சிறுசேமிப்பு வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து அறிவிக்கிறது. அதைப் பற்றி எழுதிவிட்டுத் தேதியை மறைப்பது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைச் சுரண்டிவிட்டு விற்கிற வேலை. தேதி போடாததையாவது சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம். தினமும் 'இன்று' என்று காட்டுவது பச்சை ஏமாற்று.

பணம் சம்பந்தப்பட்ட கட்டுரையை யார் அனுப்பினாலும், எழுதிய தேதி இல்லையென்றால் முதலில் தபாலாபீஸிலோ பேங்கிலோ நேரில் கேளுங்கள். திட்டம் இருக்கிறதா என்பதோடு, இன்றைக்கு வட்டி எவ்வளவு என்றும் கேட்டுவிட்டு அப்புறம் எஃப்.டி.யில் கை வையுங்கள். சித்தியின் பணம் இப்போது அதே தபாலாபீஸில் இரண்டு வருட டெபாசிட்டில், 7 சதவீதத்துக்குக் கிடக்கிறது. உடைத்த எஃப்.டி.யில் 7.25 வந்துகொண்டிருந்தது.